காற்றுக் கூடினால் காருக்கு மூச்சுத் திணறல்!

மேட்டுப்பாளையத்தை விட்டுப் புறப்பட்டு, பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் சாலையின் இருபுறமும் பாக்குத் தோப்புகள். நிழலும் குளிர்ச்சியுமாகக் காரில் இருப்பவர்களுக்கு உற்சாகம் பிறந்துவிடும். கல்லாறு வந்ததும் நீலகிரி மலை எதிரே எழுந்து நிற்கும். அங்கிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள்!

பழைய கார்களின் சாயம் வெளுப்பது இந்த இடத்தில்தான். கோவையிலிருந்து சமதளத்தில் சமர்த்தாக ஓடி வந்த வண்டி, மூன்றாவது வளைவில் முக்க ஆரம்பிக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் தயங்குகிறது. பிறகு ஒரு குலுக்கல். எஞ்சினுக்குள்ளிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிகிறது. பின்னால் வரும் பஸ்ஸோ ஹாரனை எடுக்க மாட்டேன் என்கிறது. வண்டிக்காரர் என்ன செய்வார், பாவம்!

மறுநாள் பட்டறையில் நடக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"ஏனுங்க, வண்டி மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது. மஞ்ச லைட்டு வேற எரியுது."

"லீன்னு காட்டுதுங்க அண்ணா. சென்சார் போயிருக்கும். மாத்திரலாமுங்க."

சென்சாரை மாற்றுகிறார்கள். விளக்கு அணைகிறது. ஒரு வாரம் கழித்து, மறுபடியும் எரிகிறது!

பணம் போனது ஒரு பக்கம். உண்மையான கோளாறு அப்படியே இருக்கிறதே, அது எஞ்சினை உள்ளுக்குள் தின்றுகொண்டிருக்கும். அதுதான் பெரிய நஷ்டம்.

'லீன்' என்றால் என்ன?

பெட்ரோல் தனியாக எரியாது. காற்றும் வேண்டும். 1 கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 கிலோ காற்று தேவை. கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று! நம் கார் குடிப்பது பெட்ரோல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது காற்றைத்தான் வயிறு முட்டக் குடிக்கிறது.

இந்தக் கணக்கில் பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினால் அது 'லீன்' கலவை. பெட்ரோல் மிஞ்சினால் 'ரிச்' கலவை. வீட்டுக் காஸ் அடுப்பைக் கவனித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். காற்றுப் போதாவிட்டால் ஜுவாலை மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும். காற்று அதிகமானால் ஜுவாலை பர்னரை விட்டு எழும்பி 'உஸ்' என்று இரைந்து, சில சமயம் அணைந்தே போகும்.

எஞ்சினுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுவே. லீன் கலவை மெதுவாக எரியும். எரிந்து முடிவதற்குள் அடுத்த சுற்றுக்காக இன்லெட் வால்வு திறந்துவிட்டால், நெருப்பு கார்புரேட்டர் பக்கமாகப் பின்னோக்கிப் பாயும். அந்த 'டப்' சத்தம் அதுதான். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு மிச்சமிருந்தால், அந்த வால்வின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். ஏற்றத்தில் முழுப் பாரத்தோடு தொடர்ந்து இப்படி ஓடினால் 'நாக்கிங்' உண்டாகி பிஸ்டன் வரை சேதம் போகும்.

அம்பாஸடர், பிரீமியர் பத்மினி போன்ற மிகப் பழைய வண்டிகளுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. இந்தியா முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது 2000 பிப்ரவரி 1-ந் தேதி. அதற்கு முன் அந்த ஈயம்தான் வால்வு உட்காரும் பீடத்துக்கு மெத்தை போல் இருந்தது. ஈயத்தை நம்பிச் செய்த எஞ்சினுக்கு இப்போது மெத்தையும் கிடையாது. அதன் மேல் லீன் சூடும் சேர்ந்தால் வால்வின் ஆயுள் குறையாமல் என்ன செய்யும்?

மலைக் காற்றின் மீது பழி

"மேலே போகப் போகக் காற்று லேசு, அதனால்தான் லீன் ஆகிறது" என்று அடித்துச் சொல்பவர்கள் மேட்டுப்பாளையத்தில் மட்டுமல்ல, எங்குமே உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை நேர்மாறானது!

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர். 50 கிலோமீட்டர் சாலைப் பயணத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. காற்று மெலிந்தாலும், பழைய கார்புரேட்டர் அதே ஜெட் துவாரத்தின் வழியே பெட்ரோலைத் தாராளமாகவே விடுகிறது. ஆகவே கலவை ரிச் ஆகிறது. சுமார் பத்தில் ஒரு பங்கு கனக்கிறது. மேலே போன வண்டி கரும்புகை கக்குவதும், ஸ்பார்க் பிளக் கரி பிடிப்பதும் இதனால்தான். சக்தி குறையும், உண்மை. ஆனால் அது லீன் அல்ல.

வேடிக்கை என்னவென்றால், லீன் ஆபத்து இறங்கி வரும்போதுதான்! உதகையிலேயே பல வருஷம் ஓடிய கார்புரேட்டர் வண்டியை அங்குள்ள மெக்கானிக் அந்த உயரத்துக்கு ஏற்றபடி ஜெட்டைச் சிறிதாக்கி, திருகைச் சரிசெய்து வைத்திருப்பார். அந்த வண்டியை யாராவது விலைக்கு வாங்கி மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிக் கொண்டு வந்தால், கீழே கனத்த காற்றும் சிறிய ஜெட்டும் சேர்ந்து கலவை வறண்டுவிடும். "மலையில் நன்றாக ஓடிய வண்டி, ஊருக்கு வந்ததும் சண்டி பண்ணுகிறதே!" என்று புலம்புவார்கள். வண்டியின் மீது குற்றமில்லை. மறுபடி ட்யூன் செய்தால் போதும்.

2000-ஆம் ஆண்டை ஒட்டி எம்.பி.எஃப்.ஐ. என்னும் இன்ஜெக்ஷன் முறை வந்த பிறகு இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. அந்தக் கார்களின் கம்ப்யூட்டர் காற்றின் அழுத்தத்தை அளந்து, அதற்குத் தக்கபடி பெட்ரோலைக் குறைக்கிறது, கூட்டுகிறது. எனவே இன்ஜெக்ஷன் காரில் மலையேறும்போது லீன் விளக்கு எரிந்தால் மலையைக் குறை சொல்வதில் பயனில்லை. கோளாறு வண்டியில்தான்.

மூக்கு வைத்த கார்

கலவை லீனா, ரிச்சா என்று காருக்கு எப்படித் தெரிகிறது? புகை போகும் குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. அதுதான் வண்டியின் மூக்கு. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் தயாரித்த இக்கருவி, 1976-ல் ஸ்வீடன் நாட்டு வோல்வோ 240 காரில் முதன்முதலாக வந்தது. புகையில் பிராணவாயு மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தரும். மிஞ்சவில்லை என்றால் 0.9 வோல்ட் வரை தரும். இந்த இரண்டுக்கும் நடுவே இடைவிடாமல் ஊசலாடிக்கொண்டே இருப்பதுதான் ஆரோக்கியமான எஞ்சினின் அடையாளம்.

மூக்கு "லீன்" என்று சொன்னவுடன் கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டுவிடுவதில்லை. முதலில் பெட்ரோலைச் சிறிது கூட்டிப் பார்க்கிறது. போதவில்லையா? இன்னும் கூட்டுகிறது. இதற்கு 'ஃப்யூயல் டிரிம்' என்று பெயர். வழக்கத்தைவிட 5 சதவீதம் கூட்டினால் கவலையில்லை. 10 சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ கோளாறு என்று அர்த்தம். 20, 25 என்று ஏறிய பிறகுதான் "இனி என்னால் சமாளிக்க முடியாது" என்று மஞ்சள் விளக்கைப் போடுகிறது. கூடவே 'பி 0171' என்ற எண்ணையும் நினைவில் எழுதி வைக்கிறது. வி-6 போன்ற இரட்டை வரிசை எஞ்சினாக இருந்தால் மறுபக்கத்துக்கு 'பி 0174'.

ஆகவே விளக்கு எரிந்த அன்று கோளாறு பிறந்ததாக எண்ணக் கூடாது. அது பல மாதங்களாகவே வளர்ந்து வந்திருக்கலாம்.

(டாஷ்போர்டு என்றதும் ஒரு செய்தி. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரும் வழியில், பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது பிரிக்கால் நிறுவனம். வாகனங்களின் டாஷ்போர்டு மீட்டர்களைச் செய்வதில் பெயர் பெற்றது. நாட்டின் எத்தனையோ வண்டிகளில் டிரைவர்களின் கண்ணில்படும் முள்ளும் விளக்கும் இந்தச் சாலை ஓரத்தில் பிறந்தவை!)

பெட்ரோலே மாறிவிட்டது

பழைய கார் வைத்திருப்பவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பங்கில் இப்போது விற்கும் பெட்ரோல், அவர்களது கார் பிறந்தபோது விற்ற பெட்ரோல் அல்ல.

கரும்பு, மக்காச்சோளம், அரிசி இவற்றிலிருந்து எடுக்கும் எத்தனால் பெட்ரோலில் கலக்கப்படுகிறது. 10 சதவீதக் கலப்பு என்ற இலக்கை இந்தியா 2022 ஜூன் மாதம் எட்டியது. 20 சதவீதம் கலந்த 'இ-20' பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-ல் நாடெங்கும் பரவியது.

இதற்கும் லீனுக்கும் என்ன சம்பந்தம்? எத்தனாலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிராணவாயு அதற்குள்ளேயே இருக்கிறது. அது எரிய வெளிக்காற்று அதிகம் வேண்டாம். 1 கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும். இ-20 பெட்ரோலுக்கு 13.5 கிலோ சுமார். 14.7 என்ற கணக்கில் அமைத்த பழைய எஞ்சினுக்குள் இதை ஊற்றினால் கலவை தானாகவே 7, 8 சதவீதம் லீன் பக்கம் சாய்கிறது!

இன்ஜெக்ஷன் கார் இதைச் சமாளித்துவிடும். அதற்குத்தான் டிரிம் இருக்கிறதே! ஆனால் சமாளிக்கும் சக்தியில் ஒரு பகுதி இதிலேயே செலவாகிவிடுகிறது. ஏற்கெனவே ஒரு ரப்பர் குழாய் லேசாக விரிந்து 12 சதவீதம் டிரிம் கேட்டுக்கொண்டிருந்த கார், எத்தனாலும் சேர்ந்ததும் 20-ஐத் தொடும். விளக்கு எரியும். பெட்ரோல் மீது மட்டும் பழி போடுவதும் தவறு. பெட்ரோலுக்குச் சம்பந்தமே இல்லை என்று சாதிப்பதும் தவறு. இரண்டும் சேர்ந்தே விளக்கை எரிய வைக்கின்றன.

கார்புரேட்டர் வண்டிக்கோ மூக்கும் கிடையாது, மூளையும் கிடையாது. 1983-ல் வந்த மாருதி 800 உட்பட அக்கால வண்டிகள் எல்லாம் இந்த ரகமே. அவற்றுக்கு விஷயம் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஜெட்டை ஒரு சுற்றுப் பெரிதாக்கி, மிதவையின் மட்டத்தைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். எத்தனால் பழைய ரப்பரை உப்பவும் வெடிக்கவும் செய்யும் என்பதால் பெட்ரோல் குழாய்களையும் பார்த்து மாற்றிவிடுவது நல்லது. எத்தனாலில் சக்தி குறைவு. ஒரு லிட்டருக்குப் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீதக் கலப்புக்கு அமைந்த கார்களுக்கு இ-20 ஊற்றினால் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நீதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட திட்ட அறிக்கையே மதிப்பிட்டிருந்தது. நாக்கிங்கைத் தடுக்கும் ஆக்டேன் எண் கூடுகிறது என்பது மறுபக்க லாபம்.

திருடன் எங்கே நுழைகிறான்?

இனி கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி. கொங்கு நாட்டு மெக்கானிக்குகளுக்குப் பிரித்துப் பார்ப்பதில் ஒரு தனி ஆசை உண்டு. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழிலைத் தொடங்கிய ஜி.டி. நாயுடுவும் பிரித்துப் பூட்டித்தான் யந்திரம் கற்றார். ஆனால் லீன் கோளாறில் பிரிப்பதற்கு முன் எண்களைப் படிப்பதே லாபம்.

2010-க்குப் பிறகு படிப்படியாகவும், 2013 ஏப்ரலிலிருந்து முழு அளவிலும் வண்டியின் கோளாறைச் சொல்லும் 'ஓ.பி.டி.' முறை இந்தியாவில் கட்டாயமாயிற்று. உள்ளங்கை அளவுள்ள ஒரு கருவியை ஸ்டியரிங் அடியில் உள்ள சொருகியில் மாட்டினால், டிரிம் எண்கள் செல்போனிலேயே தெரியும். அதற்கு முந்திய இன்ஜெக்ஷன் கார்கள் சிலவற்றில் இந்தச் சிறு கருவி பேசாது. கம்பெனி ஸ்கேனர் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

எண்களை மூன்று நிலைகளில் பார்க்க வேண்டும். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது ஒன்று. நிமிஷத்துக்கு 2,500 சுற்று வரை ஏற்றிப் பிடித்து ஒன்று. ஏற்றத்தில் பாரத்தோடு ஓடும்போது ஒன்று.

ஐடிலில் 20, சுற்று கூடியதும் 4 அல்லது 5 என்று இறங்கினால், திருட்டுக் காற்று நுழைகிறது என்று பொருள். பட்டறை மொழியில் "ஏர் பிடிக்குது". ஐடிலில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம். அதில் ஓட்டை வழியே வரும் காற்று பெரும் பங்கு. சுற்று கூடும்போது அதே ஓட்டைக் காற்று மொத்தத்தில் அற்பமாகிவிடும்.

இதற்கு மாறாக, ஐடிலில் எல்லாம் சரியாக இருந்து ஏற்றத்தில் மட்டும் எண் எகிறினால், பெட்ரோல் போதவில்லை. ஃபில்டர் அடைப்பு, பம்ப் தளர்ச்சி, இன்ஜெக்டரில் அழுக்கு. கல்லாறு வரை சமர்த்தாக வந்து மலையில் சண்டி செய்யும் கார் பெரும்பாலும் இந்த ரகம். சமதளத்தில் கொஞ்சம் பெட்ரோல் போதும். மலைதான் உண்மையைக் கேட்கிறது.

எல்லா நிலையிலும் ஒரே மாதிரி 10, 12 என்று நின்றால் பெட்ரோல் அழுத்தம், எத்தனால், காற்றை அளக்கும் சென்சாரில் தூசி ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

திருட்டுக் காற்றைப் பிடிப்பது ஒரு கலை. இன்டேக் மேனிபோல்டின் கேஸ்கட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாய், எஞ்சின் ஆவியை உள்ளே இழுக்கும் பி.சி.வி. குழாய் ஆகிய மூன்றும் முதல் சந்தேகத்துக்கு உரியவை. வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் ரப்பர் காய்ந்து, மடிப்பின் அடிப்பக்கத்தில் வெடித்திருக்கும். மேலே பார்த்தால் தெரியாது. விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும். காது கொடுத்துக் கேட்டால் மெல்லிய சீறல் கேட்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது இணைப்புகளின் மீது லேசாகத் தண்ணீர் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் எஞ்சின் ஓசை சட்டென்று மாறும். சிலர் கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ பீய்ச்சிப் பார்க்கிறார்கள். கொதிக்கும் எக்ஸாஸ்ட் பக்கத்தில் இது நெருப்போடு விளையாட்டு! வேண்டாம். புகையை உள்ளே செலுத்தி அது எங்கே கசிகிறது என்று பார்க்கும் முறைதான் சிறந்தது, பாதுகாப்பானதும் அதுவே.

சிறிய கார்கள் பலவற்றில் காற்றின் எடையை அளக்காமல், அழுத்தத்தை மட்டும் அளக்கும் சென்சார்தான் இருக்கிறது. அவற்றில் திருட்டுக் காற்றையும் கம்ப்யூட்டர் கணக்கில் சேர்த்துப் பெட்ரோல் விட்டுவிடும். லீன் விளக்கு எரியாமல், ஐடில் வேகம் மட்டும் தாறுமாறாக ஏறும். அதையும் ஓட்டையின் அறிகுறியாகவே கொள்ள வேண்டும்.

சாட்சியைத் தண்டிக்கலாமா?

ஆக்ஸிஜன் சென்சாரை எடுத்த எடுப்பில் மாற்றுவது ஏன் தவறு என்று இப்போது விளங்கும். அது கண்டதைச் சொன்ன சாட்சி. சில சமயம் சாட்சியும் ஏமாறுவதுண்டு. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் விரிசல் இருந்தால், வெளிக்காற்று அதன் வழியே உள்ளே இழுக்கப்படும். சென்சார் "பிராணவாயு மிஞ்சுகிறது, லீன்!" என்று கூவும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலை வாரி இறைக்கும். விளக்கு சொல்வது லீன். உள்ளே நடப்பது ரிச்! கரும்புகையும் பெட்ரோல் வாடையும் இருந்து லீன் என்று காட்டினால் முதலில் எக்ஸாஸ்ட் குழாயைப் பாருங்கள்.

கார்புரேட்டர் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்தான் சாட்சி. இளம் பழுப்பு நிறம் சுகம். கருப்பு, ரிச். சுண்ணாம்பு போல் வெளுத்துப் பொரிந்திருந்தால் லீன். இக்காலப் பெட்ரோலில் பிளக் பொதுவாகவே சற்று வெளுப்பாகத் தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சோக்கைக் கொஞ்சம் இழுத்ததும் வண்டி உற்சாகமாக ஓடினால் லீன் என்பது அநேகமாக உறுதி.

வழியில் எரிந்தால்?

விளக்கு நிலையாக எரிந்தால் பதற வேண்டாம். வேகத்தைக் குறைத்து, கீழ் கியரில் மெதுவாக ஏறலாம். விளக்கு சிமிட்டினால் நிறுத்திவிட வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய், அங்குள்ள விலையுயர்ந்த 'கேட்டலிடிக் கன்வெர்ட்டர்' என்ற உறுப்பைச் சுட்டுக் கெடுத்துவிடும். பர்லியாறில் ஒதுங்கி எஞ்சினை ஆறவிடுவது உத்தமம். மங்குஸ்தான் பருவமாக இருந்தால் காத்திருப்பது சிரமமாகவும் தோன்றாது! சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கக் கூடாது.

அம்பாஸடர் காலத்து டிரைவர்கள் பெட்ரோல் பம்பின் மீது ஈரத் துணி சுற்றி மலையேறியதைப் பலர் பார்த்திருப்பார்கள். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். பம்ப் ஆவியைத்தான் தள்ளும். எஞ்சின் பட்டினி கிடக்கும். இதுவும் ஒரு வகை லீன்தான். ஈரத் துணி அதற்குச் சரியான வைத்தியம்!

கடைசியாக, பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலே பல கார்களில் கோளாறு எண்ணும், கற்றுவைத்த டிரிம் கணக்கும் அழிந்து, விளக்கு அணைந்துவிடும். சோதனைக்கு ஓட்டிப் பார்க்கும் பத்து நிமிஷத்தில் மறுபடி எரியாது. ஸ்கேனரில் 'ரெடினெஸ்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால் அண்மையில் யாரோ நினைவை அழித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியை முன்பணம் கொடுப்பதற்கு முன் கல்லாறு தாண்டி இரண்டு வளைவாவது ஏற்றி, டிரிம் எண்ணைப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.